தொழுநோய் கண்டவருக்குத் துணை நிற்பது எப்படி? பர்மாத் தமிழர் சங்கங்களில் புதிதாக இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ரங்கூன், பெகு, தட்டோன், மோல்மீன் என்று நம் ஆட்கள் இருக்கும் ஊர்களில் கோயில் இளைஞர் மன்றங்களும் மாதர் சங்கங்களும் நல்ல காரியத்துக்குப் பின்வாங்குவதில்லை. ரத்த தானம் நடக்கிறது, வெள்ளம் வந்தால் படகில் சோறு போகிறது, அன்னதானத்துக்கு ஆள் குறைவதே இல்லை. தொழுநோய் என்ற பேச்சு வந்தால் மட்டும் நாலு மூட்டை அரிசி வாங்கி, வண்டி பிடித்து, காலனியில் இறக்கிவிட்டுத் திரும்புவதோடு கடமை முடிந்துவிடுகிறது. அரிசி தேவைதான். ஆனால் நம் தெருவிலேயே கன்னத்துத் தேமலை மறைத்துக்கொண்டு நடமாடும் பெண்ணுக்கு அந்த மூட்டை போய்ச் சேராது. என்றைக்கோ குணமாகிவிட்டும் இன்னும் கோயில் பந்தியில் உட்காரத் தயங்கும் பெரியவருக்கும் போய்ச் சேராது.

இந்த நோய்க்கு மருந்து சாப்பிடும் காலம் ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம். அந்தக் காலத்தை ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும். நோய் என்று தெரிவதற்கு முன் மறைத்துக்கொண்டு கழியும் மாதங்களையும், குணமான பிறகு மரத்த கையோடும் ஊராரின் பார்வையோடும் கழியும் வருடங்களையும் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. நாம் போய் நிற்க வேண்டிய இடம் அதுதான். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்காக.

முதலில் நீங்கள் நம்ப வேண்டியவை

உங்களுக்கே உள்ளுக்குள் பயம் இருந்தால் அது முகத்தில் தெரியும். பாதிக்கப்பட்டவர்கள் அதை நொடியில் கண்டுகொள்வார்கள். ஆகவே போவதற்கு முன் உண்மையைத் தெளிவாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருகிறது. நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் 1873-ல் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். இது பரம்பரையாக வருவதில்லை, பாவத்தால் வருவதில்லை, மீனும் கருவாடும் தின்பதால் வருவதில்லை. மருந்து எடுக்காத ஒருவரோடு நீண்ட காலம் நெருங்கி வாழ்ந்தால், மூக்கு வாய் வழியாக வரும் நுண்துளிகள் மூலம் பரவும். கை குலுக்குவதால், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதால், ஒரே பேருந்தில் போவதால் தொற்றாது. மனிதர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பிலேயே உண்டு. கிருமி மிக மெதுவாகப் பெருகும். உள்ளே புகுந்தபின் அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடம்கூட ஆகும். அதனால் "யாரிடமிருந்து வந்தது" என்று துப்புத் துலக்குவது வீண் வேலை. வீட்டில் சண்டையை மூட்டுவதைத் தவிர அதனால் ஒன்றும் ஆகாது.

மருந்து தொடங்கியதும் பிறருக்குப் பரவும் தன்மை விரைவிலேயே போய்விடும். அந்த மருந்து 1995 முதல் உலக சுகாதார நிறுவனம் வழியாக எல்லா நாடுகளுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. யாராவது காசு கேட்டால் அது தவறான இடம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2003-ல் பர்மா, பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற அளவை எட்டியது. அதைக் கேட்ட பலர் நோயே ஒழிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகும் பல ஆண்டுகள் இந்நாட்டில் வருடத்துக்கு ஈராயிரம் பேருக்கு மேல் புதிதாகக் கண்டறியப்பட்டு வந்தார்கள். "அதெல்லாம் அந்தக் காலத்து வியாதி" என்று சங்கத்தில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

தேமலைப் பார்ப்பது

உணர்ச்சியற்ற தேமல். இந்த இரண்டு சொல்லைத்தான் நீங்கள் ஊரெல்லாம் பரப்ப வேண்டும். சுற்றியுள்ள தோலைவிட வெளிறியோ, சிவந்தோ, செம்பு நிறமாகவோ இருக்கும். அரிக்காது, வலிக்காது, சில சமயம் அந்த இடத்தில் வியர்க்காது, முடி உதிர்ந்திருக்கும். அரிக்கும் தேமல், செதில் உதிரும் படை எல்லாம் பெரும்பாலும் வேறு சங்கதி. அரிக்கவில்லை என்பதால்தான் நம் ஆட்கள் இதைச் சட்டை செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

தேமலே இல்லாமலும் வரலாம். காது மடல் தடித்துப் பளபளப்பது, புருவத்தின் வெளிப்பக்கம் உதிர்வது, கையிலோ காலிலோ எறும்பு ஊர்வது போல் இருப்பது, சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கத் தொடங்குவது, காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தும் தெரியாமல் நடந்து போவது. இந்தக் கடைசி அறிகுறியை வயதானவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். கவனமாகக் கேளுங்கள்.

இங்கே நமக்கென்று ஒரு தடை இருக்கிறது. நம் பெண்களும் பிள்ளைகளும் பர்மியரைப் போலவே கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்தைப் பூசுகிறார்கள். நன்றாகக் குழைத்துப் பூசிய தனக்காவுக்கு அடியில் வெளிறிய தேமல் மாதக்கணக்கில் தெரியாமல் இருக்கும். சிலர் தெரிந்தே அதை மறைக்கக் கெட்டியாகப் பூசுவார்கள். மாதர் சங்கக் கூட்டத்தில் இதை வெளிப்படையாகச் சொல்லலாம்: காலையில் முகம் கழுவியதும், தனக்கா பூசும் முன், வெளிச்சத்தில் ஒரு முறை கண்ணாடி பாருங்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது முதுகையும் பிட்டத்தையும் பாருங்கள்.

சந்தேகம் வந்தால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து அதன் நுனியால் தேமல் மீதும், பக்கத்து நல்ல தோல் மீதும் மாறி மாறி லேசாகத் தொட்டு, எங்கே பட்டது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள். "உங்களுக்கு இதுதான்" என்று தீர்ப்பும் சொல்லாதீர்கள். "தோல் டாக்டர் ஒருத்தர் பார்க்கட்டும், நானும் கூட வர்றேன்" என்பது போதும். அதுவும் தனியாக. அண்டை வீட்டார் காது கேட்கும் தூரத்தில் இந்தப் பேச்சே கூடாது.

ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது

பலர் முதலில் போவது மருந்துக் கடைக்கு. அங்கே கொடுக்கும் களிம்புகளில் பல ஸ்டீராய்டு கலந்தவை. தேமல் மங்கினாற்போல் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும். அடுத்தது தெருவில் ஊசி போடுகிறவர். அங்கும் போக வேண்டாம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

கிராமத்தில் இருந்தால் சுகாதார நிலையத்துச் சயாமாவிடம், அதாவது அங்குள்ள நர்ஸம்மாவிடம், தொடங்கலாம். அவர் டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுவார். மொன் மாநிலத்தில் இருப்பவர்களுக்கு மோல்மீனில் 1898-ல் தொடங்கிய கிறித்தவத் தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. மாண்டலே பக்கம் என்றால் மதயா டவுன்ஷிப்பில் உள்ள யெனன்தா தொழுநோய் மருத்துவமனை. "தொழுநோய்" என்று பெயர் போட்ட வாசலில் நுழையச் சிலர் ஒப்ப மாட்டார்கள். அவர்களைப் பொது ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். எந்த வாசல் வழியாகப் போனாலும் மருந்து ஒன்றுதான்.

கூடப் போகும்போது அடையாள அட்டை, பழைய சீட்டுகள், வழிச்செலவு, தண்ணீர் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு வழியில் சோதனைச் சாவடிகள் கூடிவிட்டன. நம்மில் பலருடைய அட்டை முழுக் குடியுரிமை அட்டையும் அல்ல. ஆகவே ஆஸ்பத்திரிச் சீட்டு கையில் இருப்பது நல்லது, பகலிலேயே போய்த் திரும்புவதும் நல்லது. வயதான நம் பெண்கள் சந்தையில் பர்மியச் சொல்லில் விலை பேசுவார்கள். ஆனால் உடம்பைப் பற்றி ஓர் அந்நியரிடம் பர்மிய மொழியில் சொல்ல வாய் வராது. அங்கே நீங்கள் வாயாக இருக்கலாம். ஆனால் டாக்டர் உங்களைப் பார்த்துப் பேசத் தொடங்கினால், "அக்காவிடமே கேளுங்கள்" என்று திருப்பிவிடுங்கள்.

மாத்திரை அட்டை

ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், டாப்சோன் ஆகிய மூன்றும் சேர்ந்த கூட்டு மருந்து இது. 28 நாளுக்கு ஓர் அட்டை. தேமல் ஐந்துக்குள் இருந்தால் பொதுவாக ஆறு அட்டை, அதற்கு மேலானால் பன்னிரண்டு. ஒவ்வோர் அட்டையின் முதல் நாள் மாத்திரைகளைச் சுகாதாரப் பணியாளர் முன்னிலையில் விழுங்க வேண்டும். மற்றவை வீட்டில் தினமும். பிள்ளைகளுக்கு அளவு வேறு, அட்டையும் வேறு.

பக்க விளைவுகளை முன்கூட்டியே சொல்லி வைத்தால் பாதி ஆட்கள் நிறுத்த மாட்டார்கள். ரிஃபாம்பிசின் சாப்பிட்ட அன்று சிறுநீர் செந்நிறமாகப் போகும். ரத்தம் என்று பயப்பட வேண்டாம். குளோஃபாசிமின் தோலைக் கறுக்க வைக்கும், வறட்சியாக்கும். கல்யாணமாகாத பெண்கள் மருந்தை விடுவதற்கு நான் கண்டவரையில் முதல் காரணம் இதுதான். "ஏன் இப்படிக் கறுத்துட்டே?" என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒருவர் கேட்பார். மருந்து முடிந்து சில மாதங்களில் நிறம் மெல்லத் திரும்பும் என்று அந்தப் பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் முதல் நாளே சொல்லுங்கள். தினமும் எண்ணெய் தடவிக்கொள்ளட்டும். டாப்சோனால் சிலருக்கு ரத்தம் குறையலாம். அரிதாக, உடம்பெல்லாம் தடிப்பு, காய்ச்சல், மஞ்சள் காமாலை வரலாம். அப்படி வந்தால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

மொன் மாநிலத்துப் பிள்ளைகள் பல பேர் தாய்லாந்தில் இருக்கிறார்கள். மஹாசாய் மீன் ஆலைக்கு ஆள் கூட்டிப் போக தரகர் வந்து நிற்கும்போது, நாலாவது அட்டையில் இருக்கும் பையன் மருந்துக்காகத் தங்க மாட்டான். திட்டாதீர்கள். கூடுதல் அட்டைகள் தர முடியுமா என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். சிகிச்சைச் சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து அவனிடமே கொடுங்கள். அங்கே அரசு மருத்துவமனையில் அதைக் காட்டி, தொடர முடியுமா என்று கேட்கட்டும்.

வீட்டில் உடன் வசிக்கும் எல்லோரையும் ஒரு முறை பரிசோதிக்க வேண்டும், பிறகு சில ஆண்டுகளுக்கு ஆண்டுக்கொரு முறை. நோய் வராமல் தடுக்க உடன் வசிப்பவர்களுக்கு ரிஃபாம்பிசின் ஒரே ஒரு வேளை கொடுக்கும் முறையை 2018-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. உங்கள் பகுதியில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

திடீரென்று மோசமானால்

மருந்து ஒழுங்காகச் சாப்பிடும்போதே சிலருக்குத் தேமல் சிவந்து வீங்கும். முழங்கை, முழங்கால் பக்கத்து நரம்பு வலிக்கும். காய்ச்சலோடு வலிக்கும் முடிச்சுகள் எழும். கண் சிவக்கும். நேற்றுவரை தூக்கிய பாதத்தை இன்று தூக்க முடியாமல் போகும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றோ, சாமிக் குற்றம் என்றோ வீட்டில் பேச்சு எழும். செத்த கிருமிகளை எதிர்த்து உடம்பு காட்டும் எதிர்வினை அது. மருந்து முடிந்த பிறகும் வரலாம், பிள்ளை பெற்ற சில மாதங்களில் பெண்களுக்குக் கூடுதலாக வரும்.

இது அவசரம். ஊனம் வருவதில் பெரும்பகுதி இங்கேதான் நிகழ்கிறது. கூட்டு மருந்தை நிறுத்தாமல், ஓரிரு நாளுக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பிரெட்னிசலோன் மாத்திரையைப் பல வாரம் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார்கள். ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் இழந்த உணர்வும் பலமும் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. அதே மாத்திரை கடையில் சல்லிசாகக் கிடைக்கிறது என்று தானாக வாங்கிப் போட்டாலும் ஆபத்து, பாதியில் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து.

கை, கால், கண்

நளாயினி கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். புருஷனின் விரல் சோற்றில் கழன்று விழ, அதை எடுத்து வைத்துவிட்டு அவள் அந்தச் சோற்றை உண்டாள் என்று கூத்திலும் கதாகாலட்சேபத்திலும் சொல்வார்கள். கற்பின் பெருமைக்குச் சொன்ன கதைதான். ஆனாலும் தலைமுறை தலைமுறையாக நம் மனதில் ஒரு பயத்தை அது உட்கார்த்தி வைத்துவிட்டது. விரல் அப்படிக் கழன்று விழுவதில்லை.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராக இருந்த பால் பிராண்ட் இதைப் பொறுமையாக ஆராய்ந்து நிறுவினார். இந்நோய் கண்டவரின் சதை மற்றவர் சதை போலவே ஆறும். வலி தெரியாததால் சுடுவதும் வெட்டுவதும் உணராமல் போகிறது. புண்ணோடு நடக்கிறார்கள், எலும்புவரை அழுகுகிறது, விரல் குட்டையாகிறது. இரவில் விரல் காணாமல் போன சிலருக்கு எலி கடித்திருந்தது என்று தெரிந்து, அவர்களுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார் அவர். கொசுவலையை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுத் தூங்கச் சொல்வதற்குக் காரணம் கொசு மட்டும் அல்ல.

ஆக, மரத்துப்போன கைகாலைத் தினமும் கண்ணால் காப்பாற்ற வேண்டும். நீங்கள் வாரம் ஒரு முறை ஒருவர் வீட்டுக்குப் போய்ச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். முதல் சில வாரம் கூட உட்கார்ந்து செய்யுங்கள், பிறகு அவரே செய்வார்.

ஒரு வாளியில் சாதாரணத் தண்ணீர். வெந்நீர் வேண்டாம்; வேண்டுமென்றால் உணர்ச்சி உள்ள ஒருவர் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான். கால் இரண்டையும் சுமார் இருபது நிமிடம் ஊற வையுங்கள். ஆணியும் தடித்த தோலும் இளகியதும் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்க்க வேண்டும். பிளேடு கூடாது. ஈரம் முழுக்கக் காயும் முன் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ, வீட்டில் எது இருக்கிறதோ அதைத் தடவுங்கள். வியர்வை வராத தோலுக்கு அந்த எண்ணெய்தான் ஈரத்தைப் பிடித்து வைக்கும். கையையும் இதே போல். பிறகு வெளிச்சத்தில் விரலிடுக்கு, குதிகால், பாதத்தின் பந்து போன்ற பகுதி என்று ஒவ்வோர் இடமாகப் பாருங்கள். அடிப்பாதம் தெரியாதவருக்குச் சின்னக் கண்ணாடி. எங்காவது சூடாகவோ சிவந்தோ இருந்தால் அன்று நடை குறைக்க வேண்டும். புண் இருந்தால் கழுவிச் சுத்தத் துணி கட்டி, காலைத் தூக்கி வைத்து ஓய்வு. ஓய்வு இல்லாமல் எந்தக் களிம்பும் ஆற்றாது. ஓய்வு எடுத்தால் அன்றைய கூலி போகும் என்பதால்தான் அவர் நடக்கிறார். உங்கள் சங்கத்துப் பணத்துக்கு நல்ல செலவு வேண்டுமென்றால், புண் ஆறும்வரை அந்தக் கூலியைக் கொடுங்கள்.

செருப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்நாட்டில் எல்லோரும் போடும் இருவார்ச் செருப்பு, விரலிடுக்கில் பிடித்து நடப்பது. விரல் மடங்கியவருக்கு அது நிற்காது, இடுக்கில் புண்ணும் வைக்கும். பின்வார் உள்ள, உள்ளே மெத்தென்றும் வெளியே கெட்டியாகவும் இருக்கும், ஆணி அடிக்காத செருப்பு வேண்டும். எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு என்று தொழுநோய் மருத்துவமனைகளில் கேட்டால் தெரியும். ஆனால் பார்த்ததும் "இது அந்தச் செருப்பு" என்று ஊருக்குத் தெரியும்படி இருந்தால் பலர் போட மாட்டார்கள். கடையில் விற்கும் பின்வார்ச் செருப்பு வாங்கி உள்ளே மெத்தை மட்டும் மாற்றித் தருவது நல்ல வழி.

செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்கள் இங்கே அதிகம். நம் கோயில் பிராகாரமும் சரி, ஷ்வேடகோன் போன்ற பகோடாக்களின் பளிங்குத் தளமும் சரி, தண்ணீர்த் திருவிழாக் காலத்து மத்தியான வெயிலில் கொதிக்கும். நமக்குச் சுட்டதும் கால் தானாகத் துள்ளும். அவருக்குத் துள்ளாது. வீட்டுக்குப் போன பிறகுதான் கொப்புளம் தெரியும். அதிகாலையிலோ விளக்கு வைத்த பிறகோ கூட்டிப் போங்கள். கோயில் நிர்வாகத்திடம் பிராகாரத்தில் பாய் விரிக்கவும் தண்ணீர் தெளிக்கவும் சொல்லுங்கள். எல்லோருக்குமே சுகமாக இருக்கும், யாரையும் சுட்டிக்காட்டவும் வேண்டாம்.

தீமிதியில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கால் மரத்தவர் வேண்டிக்கொண்டு பூக்குழி இறங்கினால், சுடவில்லை என்பதை அம்மன் அருள் என்று ஊரே சொல்லும். பத்து நாள் கழித்துப் பாதத்தில் எலும்பு தெரியும். நேர்த்திக்கடனைப் பால்குடமாக மாற்றிக்கொள்ளப் பூசாரியைக் கொண்டே சொல்ல வையுங்கள். நீங்கள் சொன்னால் கேட்காதவர் பூசாரி சொன்னால் கேட்பார்.

வேலையிடம், அடுப்படி: ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவரின் கத்திப் பிடியிலும், மண்வெட்டிப் பிடியிலும் தடித்த துணி சுற்றிக் கொடுங்கள். குண்டானை இறக்க நீளப் பிடியோ கனத்த துணியோ வேண்டும். தேநீரைக் கைப்பிடி உள்ள கோப்பையில் கொடுங்கள். சுருட்டுப் பிடிக்கிறவர் விரலில் பொசுங்கும் வாடை வந்தபிறகுதான் உணர்கிறார். விட முடியாவிட்டால் மரத்துண்டில் செருகிப் பிடிக்கட்டும்.

கண்ணை மறந்துவிடுகிறோம். இமை முழுதாக மூடாதவருக்குத் தூசி விழுந்தாலும் தெரியாது. தினமும் கண்ணாடியில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிக்கடி நினைத்து நினைத்து இமைக்க வேண்டும். பகலில் மூக்குக் கண்ணாடியோ தொப்பியோ, இரவில் சுத்தத் துணியால் மூடல். சிவந்தாலோ பார்வை மங்கினாலோ அன்றே டாக்டர்.

பந்தி, கல்யாணம், கோயில்

ஒதுக்குதல் பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும். தட்டைத் தனியாகக் கழுவி வைப்பார்கள். டீக்கடையில் அவர் கிளாஸ் மட்டும் ஓரமாக இருக்கும். அன்னதானத்தில் "நீங்க உட்காருங்க தாத்தா, வீட்டுக்குக் கொடுத்து விடுறோம்" என்று அன்பு போலவே ஒரு குரல் வரும். யாரும் திட்டவில்லை, ஆனாலும் அவர் மறுவருடம் வர மாட்டார்.

இதைப் பேசி மாற்றுவதைவிட உட்கார்ந்து மாற்றுவது எளிது. பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் நீங்கள் உட்காருங்கள். இன்னும் நல்லது, சங்கத் தலைவரையோ அவர் மனைவியையோ உட்கார வையுங்கள். எதுவும் அறிவிக்க வேண்டாம். பரிமாறும் வேலையில் அவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள். முதல் தடவை நாலு பேர் முகம் சுளிக்கலாம். அடுத்த தடவை இரண்டு பேர்.

வாதத்துக்கு வருகிறவர்களும் உண்டு. இங்கே பௌத்தரும் நம்மவரும் ஒரே குரலில் சொல்வது "போன பிறவி வினை" என்பது. மதத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். "வினைன்னா பன்னிரண்டு அட்டை மாத்திரைல தீர்ந்துடுமா மாமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். "எங்களுக்கும் ஒட்டிக்கிட்டா?" என்று கேட்கிறவர் உண்மையிலேயே பயந்திருக்கிறார். அவரிடம் கோபப்படாமல் விளக்குங்கள். மருந்து தொடங்கியவரிடமிருந்து பரவாது என்பதைச் சயாமாவை அழைத்து வந்து சொல்ல வைத்தால் இன்னும் எடுபடும். குஷ்டரோகி, பெருவியாதிக்காரன் என்று உங்கள் முன் யாராவது சொன்னால், அவர் பெயரையும் முறையையும் சொல்லித் திருத்துங்கள்: "முருகையா அண்ணனா?" என்பது போல. அது போதும்.

கல்யாணப் பேச்சுத்தான் கடினம். அக்காவுக்கு வந்தது என்று தங்கைக்கு வரன் தட்டிப் போகும். ஆகவே தரகருக்கும் பெரியவர்களுக்கும் இரண்டு சேதி தெரிந்திருக்க வேண்டும்: இது பரம்பரை நோய் இல்லை, குணமானவர் பிள்ளை பெறலாம். இந்தியாவை உதாரணம் காட்டினால் நம் பெரியவர்கள் கேட்பார்கள். பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்திருந்த 1898-ல் தொழுநோயாளிகளை அடைத்து வைக்க ஒரு சட்டம் வந்தது. இந்தியா அதை 2016-ல் ஒழித்தது. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக்கிய பிரிவுகளை 2019-ல் நீக்கியது. இவர்களையும் இவர்கள் குடும்பத்தாரையும் ஒதுக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச் சபை 2010-ல் தீர்மானமே போட்டிருக்கிறது.

ஆனால் யாரிடம் எதைச் சொல்வது என்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. அவர் மாமியாரிடம் சொல்லவில்லை என்றால் நீங்களும் சொல்லக் கூடாது. நல்லெண்ணத்தில் வாய்விட்ட ஒரு தொண்டரால் ஒரு பெண் தாய்வீட்டுக்குத் திரும்ப நேரலாம்.

காலனிக்குப் போகிறவர்களுக்கு

ரங்கூனுக்கு வடக்கே மயன்சாங் போன்ற குடியிருப்புகளுக்குப் பிறந்தநாளிலும் திவசத்திலும் சாப்பாடு கொண்டுபோகும் வழக்கம் இந்நாட்டில் உண்டு. போவதானால் முந்திய வாரமே ஊர்ப் பெரியவரைக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேளுங்கள். சோறு நிறைய வந்து கட்டுத்துணி இல்லாமல் இருப்பார்கள். எல்லோரும் வரும் டிசம்பர், ஜனவரியை விட்டுவிட்டு, பாதை சேறாகி, கால் புண் நனைந்து கிடக்கும் மழை மாதங்களில் போங்கள். அங்கேயே உட்கார்ந்து அவர்களோடு சாப்பிடுங்கள். அவர்கள் டீ போட்டுக் கொடுத்தால் குடியுங்கள். ஃபேஸ்புக்கில் போட முகங்களையும் விரல்களையும் படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டுமானால் ரசீதையும் சாமான்களையும் படமெடுங்கள்.

மருந்து முடிந்த பின்

கடைசி அட்டை முடிந்த அன்று "குணமாயிட்டீங்க" என்று எல்லோரும் விடைபெறுவார்கள். நீங்கள் பார்த்து வருகிறவர்களைக் குறித்து வைக்கும் நோட்டுப் புத்தகத்தில் அதற்கு அடுத்த பக்கம் தொடங்க வேண்டும். முதல் வருடம் இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை, பின் ஆறு மாதத்துக்கொரு முறை போய்ப் பாருங்கள்: புதிய மரப்பு உண்டா, நரம்பு வலி உண்டா, கண் எப்படி, செருப்பு தேய்ந்துவிட்டதா. செருப்பை மழைக்கு முன் மே மாதத்தில் மாற்றுவது வசதி. மடங்கிய விரலை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சை உண்டு. நோய் அடங்கி, மூட்டு இறுகாமல் இருந்தால் செய்வார்கள். அதற்காக விரலைத் தினமும் எண்ணெய் போட்டு நீவி நிமிர்த்தி வைத்திருக்கச் சொல்லுங்கள்.

வேலைக்கு அல்லது வட்டியில்லாச் சிறு கடனுக்குச் சங்கத்தில் சிபாரிசு செய்யும்போது நோயைக் காரணம் காட்டி இரக்கம் கேட்காதீர்கள். அவர் தையல்காரர் என்றால் தையல்காரர் என்றே சொல்லுங்கள்.

குணமானவர்களில் பேசத் துணிந்தவர் ஒருவர் கிடைத்தால், அடுத்த வீட்டுக்கு அவரையும் அழைத்துப் போங்கள். போக்குவரத்துச் செலவும் அன்றைய கூலியும் கொடுத்து, அவர் சம்மதித்தால் மட்டும். நீங்கள் ஒரு மணி நேரம் விளக்குவதை அவர் தன் கையைக் காட்டி ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். நீங்களும் ஒரு நாள் வேலைக்காக ஊரை விட்டுப் போக நேரலாம். போகும் முன் உங்கள் நோட்டை யாரிடம் கொடுப்பது என்று அதில் பெயர் உள்ள ஒவ்வொருவரிடமும் கேட்டு, அவர்கள் சொல்லும் ஆளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.